ஸென் நெறியும் ஏனைய ஆன்ம நெறிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரின் வடபகுதியாகிய கொட்டாஞ்சேனை, பல சமயங்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி வாழும் இடமாகும். பாணந்துறை வாதத்தில் 1873ஆம் ஆண்டு கிறித்தவ போதகரை எதிர்த்து நின்ற மிகெட்டுவத்தை குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தமாராமை அங்கேயே உளது. அதற்கு அணித்தாக, 1902ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றதும், சைவ சமய பாடப் பரீட்சைகளால் மாணவருலகம் நன்கறிந்ததுமான விவேகானந்த சபை விவேகானந்த மேட்டிலே நிலைகொண்டுள்ளது. நகரின் தென்பாலுள்ள வெள்ளவத்தையிலே இராமகிருஷ்ண மிஷன் பணியாற்றி வருகின்றது. இத்தகைய நகரத்திலே, சமயங்கள் யாவும் ஒன்றையே கூறுவன என்னும் உரை மேடைதோறும் கேட்கப்படுதல் இயல்பே. நல்லெண்ணத்தின் பாற்பட்ட இவ்வுரை பகைமையைத் தணிக்கும் பயனுடையது. ஆயின், எது எதனின் வேறுபடுகின்றது என்பதை அறியாது கூறப்படும் ஒருமைப்பாடு அறிவின் பாற்பட்டதாகாது. அண்மைக் காலத்திலே உலகெங்கணும் பரவிய ஸென் நெறி இவ்வுண்மையைச் சோதித்தற்கு ஏற்ற உரைகல்லாகும். ஸென் என்பதை யோகம் என்பாருளர், அத்துவைதம் என்பாருளர், மனத்தைச் செப்பமிட்டு வாழ்வில் வெற்றி காண உதவும் பயிற்சி என்பாரும் உளர். அந்நெறியின் வரலாற்றிலே இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டாதலின், இதனை ஈண்டு ஆராய்தல் பொருத்தமுடையது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வடமொழியில் ‘த்யான’ எனவும் பாளியில் ‘ஜான’ எனவும் வழங்கும் சொல் சீனத்தையடைந்து ‘சான்’ எனக் குறுகியது. அதுவே யப்பானிலே ‘ஸென்’ என ஒலித்தது. தமிழில் ஜென் என எழுதுவாரும் உளர். ஆகவே பெயரளவில் ஸென் நமக்கு அயலானதன்று. தியானம் என்னும் சொல்லே நெடும்பயணஞ் செய்து வேற்றுருக்கொண்டு மீண்டுள்ளது எனலாம்.

இந்நெறியைச் சீனத்துக்குக் கொணர்ந்தவர் போதிதருமர் என்பது மரபு. அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்னும் செய்தி தமிழ்நாட்டிலே பெரிதும் போற்றப்படுகின்றது. ஆயின், கி. பி. 547 அளவில் எழுந்த லோயாங் நகரத்து மடங்கள் பற்றிய சீன நூல் அவரைப் பாரசீகத்தினர் என்கின்றது. மற்றொரு பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய மன்னனொருவனின் மூன்றாம் மகன் எனக் கூறும். 1004ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற குருபரம்பரை நூல் அவர் தந்தையின் நாட்டைச் ‘சியாங்சி’ எனக் குறிக்கின்றது. அதனையே காஞ்சி எனச் சிலர் கொள்வர். சான்றுகள் இத்தகையவாதலின், அவர் தென்னாட்டினர் என்பது பழமையான மரபென்பதும், காஞ்சியர் என்பது பிற்காலக் கருத்தென்பதும் பெறப்படும். பெருமை வேண்டி வரலாற்றை மிகைப்படுத்தல் வேண்டா.

ஸென்னின் தனித்தன்மையை அப்போதிதருமரைப் பற்றிய கதையொன்றே நன்கு உணர்த்தும். இலியாங் மரபினனாகிய வூ என்னும் பேரரசன் விகாரைகள் பல எடுப்பித்தவன், நூல்களைப் படியெடுப்பித்தவன், துறவியரைப் பேணியவன். இவற்றால் தனக்கு விளையும் புண்ணியம் எவ்வளவு என அவன் வினவ, புண்ணியம் யாதும் இல்லை என விடையிறுத்தார் போதிதருமர். இக்கதை பின்னோர் புனைந்ததாகலாம். எனினும் ஒரு நெறி தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கதை அதன் உள்ளத்தைக் காட்டுவதாகும். பொருளீட்டுவான் ஒருவன் காசின்மேற் காசு வைத்து எண்ணுதல் போல, அறஞ்செய்வானும் தன் நன்மைகளை எண்ணிக்கொண்டிருப்பானாயின் அவனை விட்டு ‘யான்’ என்பது நீங்கிற்றில்லை. அவ்வெண்ணிக்கையையே ஸென் முதலில் தகர்க்கின்றது.

ஆறாங் குரவராகிய ஹுயிநெங் (638–713) பற்றிய கதையும் இவ்வாறே. மூத்த மாணாக்கர் மனத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டு, அதனை இடையறாது துடைத்துத் தூசு படியாது காத்தல் வேண்டும் எனப் பாடினார். மடத்திலே நெல்குற்றும் பணியாளராயிருந்த ஹுயிநெங், துடைக்கப்படுதற்குரிய கண்ணாடி என ஒரு பொருள் உண்டோ என்னும் கருத்துப்பட மறுமொழி கூறிக் குருவின் அங்கியைப் பெற்றார் என்பர். முன்னவர் கூறியது சிறிது சிறிதாகத் தூய்மையுறும் நெறி. பின்னவர் கூறியது தூய்மை செய்ய முற்படுபவன் யாவன் என்னும் வினா. உலகத்து ஆன்ம நெறிகளிற் பெரும்பாலன முதலாவதைச் சார்ந்தன. ஸென் தன்னை இரண்டாவதன்பால் நிறுத்திக்கொண்டது.

இனி இலங்கையின் தொடர்பைக் காண்போம். கமகுரா நகரத்து எங்காகுஜி மடத்தைச் சேர்ந்த ஷாகு ஸோயென் (1860–1919) என்னும் ஸென் துறவி, குருவிடமிருந்து தம் இருபதுகளின் நடுவிலேயே நெறியுரிமை பெற்றவர். பின்னர் மேனாட்டுக் கல்வியும் பயின்றவர். அவர் 1887ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, காலிப் பகுதியிலுள்ள விகாரையிலே பாளி மொழியையும் தேரவாத ஒழுக்கத்தையும் பயின்று, 1889இல் மீண்டார். குணரத்தின எனத் துறவுப்பெயர் பூண்ட மற்றொரு யப்பானியத் துறவி, ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1873இல் கொழும்பு மாளிகாகந்தையிலே நிறுவிய வித்தியோதய பிரிவேனாவிற் கற்றனர். 1872ஆம் ஆண்டு யப்பானிய அரசு துறவியர் மணம் புரியலாம், புலாலுண்ணலாம் எனத் தடையை நீக்கியிருந்தது. அந்நாட்டுச் சங்கத்தின் ஒழுக்கக் கட்டுத் தளர்ந்த அக்காலத்திலேயே இவர்கள் விநயம் பேணப்படும் நாட்டை நாடி வந்தனர் என்பது கருதத்தக்கது.

ஸோயென் இங்குக் கண்ட தேரவாதம் படிமுறை நெறியாகும். சீலம், சமாதி, பஞ்ஞா என மூன்றாக அது வகுக்கப்பெறும். ஒழுக்கம் அடிப்படை, மனவொருமை அதன்மேல் எழுவது, மெய்யறிவு அதன் பயன். இவை யாவற்றுக்கும் திரிபிடகம் என்னும் நூற்றொகுதி அளவுகோல். ஸென்னோ தன் அறிவு நூலுக்குப் புறத்தே, குருவின் உள்ளத்திலிருந்து மாணாக்கனின் உள்ளத்திற்கு நேரே வருவது எனக் கூறும். இரண்டும் புத்தரையே முதல்வராகக் கொள்வன. அநாத்மம் என்னும் கோட்பாட்டிலும் ஒன்றுபடுவன. ஆயினும் ஒன்றிலே நூல் சாட்சி. மற்றொன்றிலே குருவே சாட்சி. இவ்வேறுபாட்டின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

1893ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அமெரிக்காவிலே சிக்காகோ நகரிற் கூடிய சர்வசமயப் பேரவையிலே கீழைத்தேயத்தார் மூவர் ஒருங்கே காணப்பட்டனர். அவர்கள் கொழும்பிலே பிறந்த அநகாரிக தர்மபாலர், வங்காளத்துச் சுவாமி விவேகானந்தர், முன்னர் இலங்கையிற் கற்றுச்சென்ற ஸோயென் ஆகியோர். ஸோயென் அங்கு ஸென்னைப் பற்றிப் பேசினாரல்லர். காரண காரிய நியதி பற்றியே கட்டுரை அளித்தார். போருக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பு வேண்டும் என்பது அவரது மற்றொரு கட்டுரை. அவற்றை ஆங்கிலமாக்க உதவியவர் அவர்தம் இளைய மாணாக்கராகிய டைசெட்சு சுசுகி (1870–1966). விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்தில் வெற்றியோடு வந்திறங்கினார். அதே ஆண்டிலேயே சுசுகி அமெரிக்காவுக்குச் சென்றார். மேனாட்டார் ஸென் என அறிந்தது பெரும்பாலும் சுசுகியின் நூல்கள் வாயிலாகவே.

விவேகானந்தர் போதித்த நெறி யாது? ஒவ்வோருயிரும் இயல்பிலே தெய்வத்தன்மை வாய்ந்தது. கருமம், பத்தி, இராசயோகம், ஞானம் ஆகியவற்றுள் ஒன்றாலோ பலவாலோ அதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்பதே அது. அவ்வவரின் இயல்புக்கேற்ற வழி அதில் உண்டு. நாட்டுக்குத் தொண்டாற்றும் ஊக்கமும் உண்டு. கொட்டாஞ்சேனைச் சபையும் வெள்ளவத்தை மடமும் அவ்வூக்கத்தின் கனிகளே. வேதாந்தம் உள்ள பொருளை ஆன்மா எனத் துணிந்து பெயரிடுகின்றது. ஸென் அங்ஙனம் பெயரிடுவதற்கு உடன்படாது. ‘அதுவே நீ’ என உபநிடதம் உரைக்குமிடத்து, ஸென் ஆசான் வாய்திறவாதிருப்பான். அன்றி, உண்ட கலத்தைக் கழுவிவிட்டு வா என்பான்.

வாழ்க்கை முன்னேற்ற நூல்கள் எனப்படுவனவற்றோடு ஒப்பிடின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஆங்கிலத்திலே சாமுவேல் சிமைல்ஸ் 1859இல் எழுதிய தன்முயற்சி பற்றிய நூல், 1871இல் யப்பானிய மொழியிற் பெயர்க்கப்பெற்று அந்நாட்டு இளைஞராற் பெருவிருப்போடு படிக்கப்பட்டது. தமிழிலே வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் ஜேம்ஸ் அலன் என்பவரின் நூல்களை மொழிபெயர்த்துதவினார். எண்ணம் போல வாழ்வு அமையும். மனமாகிய நிலத்தைப் பண்படுத்தி நல்வித்தை இட்டால் நற்பயன் விளையும் என்பது இவற்றின் சாரம். மனச்சோர்வுற்ற சமுதாயத்துக்கு இவை மருந்தாயின என்பதில் ஐயமில்லை. ஆயின் இவற்றுக்கெல்லாம் ஓர் உழவன் வேண்டும். ‘யான் உயர்வேன்’ என்னும் உறுதி வேண்டும். ஸென்னின் நோக்கு அவ்வுழவனைத் தேடிப் பிடிப்பதாகும். யப்பானியர் ஒரே தலைமுறையில் சிமைல்சையும் கற்றனர், ஸென்னையும் பயின்றனர் என்பது உண்மை. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இவ்விடத்தே ஒரு பிழையுணர்வு தோன்றக்கூடும். அடைதற்கு ஒன்றுமில்லை எனின் முயற்சியும் வேண்டாவோ எனின், அற்றன்று. ஸென் மடத்து வாழ்க்கை மிகக் கடியது. புலர்வதற்கு முன் எழுதல், நெடும்பொழுது அசையாது அமர்தல், பெருக்குதல், விறகு பிளத்தல், பிச்சையேற்றல், குருவைத் தனியே கண்டு விடையளித்தல் என்பன அங்கு நாட்கடன்கள். ரின்சாய் பிரிவினர் ‘கோவான்’ எனப்படும் புதிர்மொழியை மாணாக்கனுக்கு அளிப்பர். அச்சொல்லுக்கு மன்றத்து வழக்கு என்பது பொருள். நாய்க்குப் புத்தத்தன்மை உண்டோ என வினவப்பட்ட சீனத்து ஆசான், இல்லை எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லால் விடையிறுத்தார். யப்பானியர் அதனை ‘மு’ என்பர். அவ்வொரு சொல்லைச் சுசுகி ஆண்டுக்கணக்காகச் சுமந்தார். 1896ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்துக் கடுந்தியான வாரத்திலேயே அவருக்குத் தெளிவு பிறந்தது. ஸோட்டோ பிரிவின் முதல்வராகிய டோகென் (1200–1253), அமர்தலே ஞானம், ஞானத்தின் பொருட்டு அமர்தலன்று எனப் போதித்தார். முயற்சி முழுமையாக உண்டு. முயற்சிக்குக் கூலி இல்லை. இதுவே ஸென்னின் நுட்பம்.

தமிழ் மரபிலே இதற்கு மிக அணித்தாக நிற்பது ‘சும்மா இரு’ என்னும் உபதேசம். முருகப்பெருமானே அருணகிரிநாதருக்கு இவ்வுபதேசத்தை அருளினார் என்பது மரபு. தாயுமான சுவாமிகள் இதனையே விரித்துப் பாடினார். யாழ்ப்பாணத்திலே நல்லூர்த் தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமிகளும், அவர்தம் மாணாக்கர் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் (1872–1964) இவ்வழியில் வந்தோர். ஏசியும் விரட்டியும் சிறு வாசகங்களாற் சிந்தை கலங்கச் செய்தும் மாணாக்கரைப் பக்குவப்படுத்திய அவர்களின் முறை, சீனத்து ஸென் ஆசான்மாரின் முறையை வியப்புற நினைவூட்டுவதாகும். யோகர் சுவாமிகளை நாடிக் கொழும்பிலிருந்து சென்ற உத்தியோகத்தரும் சட்டவறிஞரும் பலர். தம் கல்வியும் பதவியும் அங்கு எடுபடாமையைக் கண்டே அவர்கள் திரும்பினர்.

எனினும் ஒப்புமை கண்டு மயங்கலாகாது. சைவசித்தாந்தத்திலே சும்மாவிருத்தல் என்பது உயிர் தன் செயலற்றுப் பதியின் செயலுக்கு இடங்கொடுத்தலாம். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்பன அதற்கு முன் நிகழ்வன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிகளும் அதற்கு உண்டு. அருள் இன்றி அந்நிலை கைகூடாது. முத்தியிலும் உயிர் ஆண்டவனின் திருவடிக்கீழ் இன்புற்று நிற்கும். அத்துவைதத்திலோ உயிர் என வேறொன்று எஞ்சுவதில்லை. உள்ளது ஆன்மா ஒன்றே. ஸென்னிலே ஆண்டவனும் இல்லை. நிலைபேறான ஆன்மாவும் இல்லை. மழை பெய்கின்றது, முற்றம் நனைகின்றது என்னும் அளவே உண்டு. புறத்தே காணப்படும் மௌனம் ஒன்று. அதன் பொருள் மூன்று. மூன்றனையும் ஒன்றெனக் கூறுவது மூன்றனுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், வரலாறே விடை கூறும். சிக்காகோவிலே போரை விலக்கிப் பேசிய ஸோயென், 1904இல் யப்பான் உருசியாவோடு பொருதபோது படையினரோடு மஞ்சூரியா சென்று அப்போரை நியாயப்படுத்தினார். இருவரும் ஒருங்கே போரைக் கண்டிப்போம் என உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாய் விடுத்த அழைப்பையும் ஏற்க மறுத்தார். 1938இல் சுசுகி யப்பானியப் பண்பாடு பற்றி எழுதிய நூலிலே, ஸென்னுக்கெனத் தனிக் கோட்பாடு இன்மையின் அது எவ்வகை அரசியற் கொள்கையோடும் இணைந்து நிற்கவல்லது என்னும் கருத்துப்பட உரைத்தார். அந்நாட்டுப் பேரரசுப் போர்களுக்கு ஸென் மடங்கள் துணைநின்ற வரலாற்றை, பிரையன் விக்டோரியா என்னும் ஸோட்டோ துறவி 1997இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. அதற்கு முன்னரே, 1992ஆம் ஆண்டு, ஸோட்டோ பிரிவு தன் தவற்றை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக வருந்தியது.

ஸென்னின் வலிமையும் இடரும் ஓரிடத்திலேயே உள்ளன என்பது இதனாற் புலனாகும். நன்மை தீமை என்னும் கணக்கை அது தகர்க்கின்றது. அவ்வாறு தகர்த்தல், தன் நற்செயல்களை எண்ணிச் செருக்குற்ற வூ மன்னனுக்கு மருந்து. வாளேந்தியவன் கையிலோ அதுவே தயக்கத்தை நீக்கும் கருவி. யான் என்பது இல்லை எனின் கொல்பவன் யார், கொல்லப்படுபவன் யார் என்னும் வாதம் எழுதற்கு அங்கு இடமுண்டு. ஸென் துறவியரும் கொல்லாமை முதலிய சீலங்களை ஏற்றே துறவு பூணுகின்றனர். அச்சீலங்களைப் புறத்தே நிறுத்தி, உள்ளொளி ஒன்றையே பெரிதெனக் கொண்டபோதுதான் அவ்விடர் நேர்ந்தது. சீலத்தை நாடி இலங்கைக்கு வந்த துறவியின் வரலாறே இதற்குச் சான்றாதல் இரங்கத்தக்கது.

படிமுறை நெறிகள் இவ்விடரினின்றும் நீங்கினவோ எனின், அதுவும் அன்று. சீலத்தை முதற்படியாக வைத்த தேரவாதத்தைப் பேணும் இத்தீவிலே, 1983ஆம் ஆண்டு சூலை மாதம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த தமிழர் வீடுகளும் கடைகளும் அதற்குச் சாட்சி. சைவரும் தம் சமயத்தின் அன்பு நெறி தம்மைத் தீங்கினின்றும் முற்றாகக் காத்தது எனக் கூறுதற்கில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நூலைச் சாட்சியாகக் கொண்ட நெறியிலே, தவறுசெய்தோனை அவன் கையிலுள்ள நூலே குற்றஞ்சாட்டும். தம்மபதத்தையும் திருக்குறளையும் எடுத்துக்காட்டி எளியவனொருவனும் வலியவனை வினவலாம். குருவின் உள்ளத்தை மட்டும் சாட்சியாகக் கொண்ட நெறியிலே, குரு தவறுமிடத்து அவரை வினவுதற்கு மாணாக்கனுக்கு வேறொரு பிடி இல்லை. சாட்சி உளதாயினும் கேட்போர் இல்லாத காலங்கள் உண்டு என்பது மெய்யே. சாட்சியே இல்லாதிருத்தல் அதனினும் கொடிது.

ஆதலின் ஸென்னை யோகத்தோடும் வேதாந்தத்தோடும் முன்னேற்ற நூல்களோடும் ஒன்றாக்கிப் போற்றுவதும், அயலது எனத் தள்ளுவதும் பொருந்தா. தன் நன்மையைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கம் எந்நெறியினரிடத்தும் உண்டு. கோயிற்குச் செய்த திருப்பணியைக் கல்லிற் பொறித்து மகிழ்வோரிடத்தும் உண்டு. பரீட்சையிற் பெற்ற புள்ளிகளையே கல்வி எனக் கருதும் மாணவரிடத்தும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் போதிதருமரின் மறுமொழி பயன்படும். அதனைக் கேட்பவன் கொல்லாமையையும் வாய்மையையும் முன்னரே கைக்கொண்டவனாயிருத்தல் வேண்டும். ஒழுக்கம் என்னும் கரை உள்ள குளத்திலேயே நீர் தெளிந்து நிற்கும். கரை இல்லாவிடத்து நீரும் நில்லாது, தெளிவும் இல்லை.